ரசம் டம்ளரில்: ஒரு புடவைக்கடை விற்பனையாளரின் நீரிழிவு ஆண்டு

ஜனவரி 2-ஆம் தேதி காலை எட்டு மணிக்கே வந்துவிட்டார். கையில் நகைக்கடை கொடுத்த புது டைரி. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே ஐந்து தீர்மானங்கள். சர்க்கரையை அடியோடு நிறுத்துவது, அரிசிச் சோற்றைத் தொடாமல் இருப்பது, தினமும் ஒரு மணி நேரம் நடப்பது, பத்துக் கிலோ குறைப்பது, சித்திரைக்குள் மாத்திரையே வேண்டாம் என்ற நிலைக்கு வருவது. "இந்த வருஷம் விடறதா இல்ல மேடம்" என்றார்.

மேற்கு மாம்பலத்தில் சின்னதாகக் கிளினிக் வைத்திருக்கும் பொது மருத்துவர் நான். ஜனவரி முதல் வாரத்தில் டைரியோடு வருபவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். பெரும்பாலும் மாட்டுப் பொங்கலுக்குள் கதை முடிந்துவிடும். இவருடையதும் முடிந்தது. ஆனால் அது முடிந்த விதத்தில் என் பங்கும் இருந்ததால், விவரமாக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்தபோது இருந்த நிலை

வயது 51. தி.நகர் உஸ்மான் சாலையில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் வேலை. வீடு சைதாப்பேட்டையில். அம்மா, மனைவி, கல்லூரி படிக்கும் மகள். நீரிழிவு தெரிந்து ஏழு வருடம். மெட்ஃபார்மின் 500 மி.கி. காலையும் இரவும், கிளிமெபிரைடு 1 மி.கி. காலையில்.

வெறும் வயிற்றில் சர்க்கரை 178, காலை உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்து 271. ஹெச்பிஏ1சி 9.1 சதவீதம். நம் ஊரில் 'மூணு மாச சுகர்' என்று சொல்வது இதைத்தான். சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் உயிரோடிருக்கும், அதில் ஒட்டிய சர்க்கரையை அளந்தால் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி தெரியும். 9.1 என்றால் இரத்தத்தில் சர்க்கரை சராசரியாக 215 அளவில் ஓடியிருக்கிறது. எடை 78 கிலோ, உயரம் 166 செ.மீ., இரத்த அழுத்தம் 146/90. சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று காட்டும் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் 48. அது 30-க்குள் இருக்க வேண்டும். சிறுநீரகம் மெல்ல முனக ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம். கண் பரிசோதனை ஏழு வருடத்தில் ஒரு தடவைகூடச் செய்ததில்லை.

எனக்கு அதிகம் உறுத்தியது பாதம். 10 கிராம் நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் சோதனையில் வலது கட்டைவிரலின் அடியில் உணர்வே இல்லை. அவருக்கு அது தெரியாது. பட்டுப் பிரிவில் வெள்ளை விரிப்பு போட்ட மெத்தைமேல் ஏறி நின்று, உட்கார்ந்து, குனிந்து புடவை விரித்துக் காட்டுகிறவர் அவர். அதாவது பகல் முழுக்க வெறுங்கால். புடவை மடிப்பிலிருந்து விழும் குண்டூசி அந்த விரிப்பில் எங்கே கிடக்கும் என்று யாருக்கும் தெரியாது.

இவ்வளவும் தெரிந்த பிறகு நான் செய்தது என்ன? டைரியைப் பாராட்டினேன். அவருடைய ஐந்தோடு என் பங்குக்கு மூன்று சேர்த்தேன்: தினமும் சர்க்கரை அளவைக் குறித்து வைக்க வேண்டும், இரவு உணவை எட்டு மணிக்குள் முடிக்க வேண்டும், கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஆக எட்டு. வெளியே ஒன்பது பேர் காத்திருந்தார்கள். மருந்தை மாற்றவில்லை. பிப்ரவரியில் வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 11

பள்ளி ஆசிரியருக்கு மார்ச் எப்படியோ, ஜவுளிக்கடைக்காரருக்குத் தைப் பொங்கலுக்கு முந்தைய இரண்டு வாரம் அப்படி. காலண்டர் தாள் மாறிய உற்சாகத்தில் ஜனவரி 1-இல் தீர்மானம் எடுப்பவருக்கு, வருடத்தின் மிக மோசமான பதினைந்து நாட்கள்தான் முதலில் எதிரே நிற்கின்றன. எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ரங்கநாதன் தெருக் கூட்டத்தைத் தாண்டித்தான் நானும் காய்கறி வாங்குகிறேன்.

பத்து நாள் வைராக்கியமாக இருந்தார். 11-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். காலையில் இரண்டு இட்லியும் மாத்திரையும். மதியம் 2.30-க்குப் போக வேண்டிய சாப்பாட்டு முறை நாலு மணிக்குத் தள்ளிப்போனது. மெஸ்ஸில் சோற்றை ஒதுக்கிவிட்டு வெள்ளரிக்காயும் கூட்டும் மட்டும் சாப்பிட்டார். அஞ்சரை மணிக்குக் கை நடுங்கி, சட்டை நனையும் அளவு வியர்த்து, ஒரு கல்யாண கோஷ்டிக்கு முன்னால் மெத்தைமேலேயே சாய்ந்துவிட்டார்.

அடுத்து நடந்ததை அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தது. பக்கத்துக் கவுன்டர் பையன் ஓடிப்போய்க் குளிர்பானம் வாங்கி வந்திருக்கிறான். 'அண்ணனுக்கு சுகர் ஆச்சே' என்று யோசித்து, சர்க்கரை இல்லாத வகையாகப் பார்த்து வாங்கியிருக்கிறான்! அதைக் குடித்தும் நடுக்கம் போகவில்லை. கடைசியில் டீ கொண்டுவருபவர் ஃபிளாஸ்க்கில் இருந்து சர்க்கரை போட்ட டீ இரண்டு கப் கொடுத்த பிறகுதான் தெளிந்திருக்கிறது. அப்புறம் மருந்துக்கடையில் குத்திப் பார்த்தபோது 64. டீக்கு முன்னால் எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

காரணம் புதிரல்ல. கிளிமெபிரைடு கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். சோறு வந்ததா என்று அது பார்க்காது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர் ஒரு வேளை சோற்றை விட்டால் பெரிதாக எதுவும் ஆகிவிடாது. கிளிமெபிரைடு சாப்பிடுபவர் மருந்தைக் குறைக்காமல் சோற்றை விட்டால் இப்படித்தான் ஆகும். 'அரிசியே வேண்டாம்' என்று டைரியில் எழுதியிருந்ததை நான் படித்தேன், தலையாட்டினேன், எச்சரிக்கவில்லை. 70-க்குக் கீழே போனால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லவில்லை.

பயத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் இரண்டு தடவை. ஜனவரி 19-இல் மனைவிதான் அழைத்து வந்தார். டைரியில் பதினோராம் பக்கத்துக்குப் பிறகு வெறும் வெள்ளை.

"எனக்கு மனக்கட்டுப்பாடு பத்தல மேடம்" என்றார் தலை குனிந்து.

மனைவிக்குச் சுருக்கென்று வந்தது. "இவருக்கா? பதினோரு மணி நேரம் நிக்கறார். நூறு புடவையப் பிரிச்சுப் போட்டு, ஒண்ணுகூட வாங்காமப் போறவங்ககிட்டயும் சிரிச்சுக்கிட்டே திரும்ப மடிக்கறார். நீங்களே சொல்லுங்க மேடம், இவருக்கா கட்டுப்பாடு இல்ல?"

அந்த வருடம் முழுக்க நான் கேட்டவற்றில் மிகச் சரியான மருத்துவக் கருத்து அதுதான்.

ஒரு நாளை வரைந்தோம்

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் காலை ஆறு முதல் இரவு பன்னிரண்டு வரை ஒரு கோடு போட்டேன். என்ன சாப்பிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எந்த மணிக்கு எங்கே இருப்பீர்கள், என்ன கைக்குக் கிடைக்கும் என்று மட்டும் கேட்டேன். நாற்பது நிமிடம் ஆனது.

தெரிய வந்தவை: 8.45-க்கு நாலு இட்லி. சைதாப்பேட்டையில் ரயிலேறி மாம்பலத்தில் இறங்கி 9.30-க்குக் கடை. டீ நாலு தடவை, ஃபிளாஸ்க்கிலேயே சர்க்கரை போட்டு வருவது. அதனால் 'சர்க்கரை இல்லாமல் ஒன்று' என்று கேட்க வழியே இல்லை. மதியம் கடை மெஸ். இரவு 9.45-க்குக் கடை மூடி, 10.45-க்கு வீடு. அகோரப் பசியில் அஞ்சு தோசை. சாப்பிட்ட கையோடு படுக்கை.

இரவு மாத்திரை? கொஞ்சம் தயங்கினார். தூக்கக் கலக்கத்தில் வாரத்தில் மூன்று நாள்தான் போடுகிறாராம். மாதக் கடைசியில் தீர்ந்துபோனால் அம்மாவின் டப்பாவிலிருந்து எடுத்துக்கொள்வதும் உண்டு. அம்மாவுக்கு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. அது தனக்கான அளவுதானா என்று இவர் பார்த்ததில்லை. அப்படியானால் அம்மாவுக்குக் கணக்கு எப்படிச் சரியாக வருகிறது என்று கேட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கேட்காமலே இருந்திருந்தால், 'இரண்டு மாத்திரையும் போட்டும் 9.1' என்று நினைத்து இன்னொரு மருந்தை ஏற்றியிருப்பேன்.

பிறகு மெஸ் சாப்பாடு. எவ்வளவு சோறு என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. எத்தனை தடவை என்று கேட்டால் தெரியும். சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை. நம் சாப்பாட்டின் இலக்கணமே அப்படி. ஒரு கப் வெந்த சோற்றில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. மூன்று சுற்றுக்கும் சேர்த்து நூறு கிராமைத் தாண்டிவிடும். 'அரிசியே வேண்டாம்' என்பது அவரால் முடியாது, அப்போது சாப்பிட்ட மருந்துக்கு ஆபத்தும்கூட. சரி, எந்தச் சுற்றை விடலாம் என்று கேட்டேன். அவர் ஒரு நிமிடம் யோசித்தார். "சாம்பார் சாதத்த விட முடியாது. ரசத்த டம்ளர்ல வாங்கிக் குடிச்சிடறேன். மோரும் டம்ளர்லயே." இது அவர் கண்டுபிடித்தது. எந்த உணவு அட்டவணையிலும் நான் பார்த்ததில்லை.

இரவு உணவுக்கும் வழி அவரே சொன்னார். எட்டு மணிக்கு டீக்காகப் பதினைந்து நிமிடம் விடுவார்கள். அந்த நேரத்தில் டப்பாவில் இரண்டு சப்பாத்தி, கொஞ்சம் சுண்டல், கூடவே இரவு மாத்திரை. வீட்டுக்கு வந்து பசித்தால் ஒரே ஒரு தோசை. மாத்திரை சாப்பாட்டு டப்பாவின் மூடியிலேயே ஒட்டி வரும். அது மனைவியின் வேலை.

நடைக்கு ஒரு மணி நேரம் எங்கே? கிடையாது. ஆனால் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை 2023-இல் திறந்த ஆகாய நடைபாதை இருக்கிறது, சுமார் 570 மீட்டர். ரயிலை விட்டு இறங்கி நேராகக் கடைக்குப் போகாமல் அந்தப் பாலத்தின் கடைசி வரை போய், உஸ்மான் சாலை வழியாகத் திரும்பினால் கால் மணி நேர நடை. அதுவும் இட்லி செரித்துச் சர்க்கரை ஏறுகிற நேரத்தில். நியூசிலாந்தில் 41 பேரிடம் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வொன்று, ஏதோ ஒரு வேளை அரை மணி நேரம் நடப்பதைவிட, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிடம் நடப்பது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையை 12 சதவீதம் கூடுதலாகக் குறைத்ததாகச் சொல்கிறது. நடக்கிற தசை சர்க்கரையை உறிஞ்சிக்கொள்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

பாதத்துக்கு: மெத்தைமேல் ஏறும்போது கெட்டியான வெள்ளைப் பருத்திக் காலுறை. வெள்ளை என்பது முக்கியம். வலி தெரியாத காலில் இரத்தக் கறையாவது தெரிய வேண்டும். இரவில் மகள் டார்ச் அடித்து இரண்டு உள்ளங்கால்களையும் பார்ப்பாள். வியாபாரம் இல்லாத நேரத்தில் உட்காரச் சொன்னேன். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்தது. "ஸ்டூல் இருக்கு மேடம். அதுல உட்கார்ந்தா சூப்பர்வைசர் பார்க்கிற பார்வைதான்..." என்று முடிக்காமல் விட்டார்.

மருந்தில் என் பங்கு: கிளிமெபிரைடை நிறுத்தினேன். அதற்குப் பதில் சர்க்கரையை அவ்வளவாகத் தாழ விடாத சிட்டாகிளிப்டின். 2022-இல் காப்புரிமை முடிந்த பிறகு அதன் விலை நன்றாக இறங்கிவிட்டது. மெட்ஃபார்மின் அளவைக் கூட்டினேன், அழுத்தத்துக்கும் சிறுநீரகத்துக்கும் சேர்த்து டெல்மிசார்டன், கொழுப்புக்கு ஒரு ஸ்டாட்டின். இது இவருடைய உடம்புக்குப் பார்த்தது. இதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் மாத்திரையில் கை வைக்க வேண்டாம்.

டைரியில் புதுப் பக்கம் திருப்பி அவர் எழுதியதில் கிலோ இல்லை, சதவீதம் இல்லை. 'எட்டு மணிக்கு டப்பா, மாத்திரை. ரசம் டம்ளரில். பாலம் சுற்றி. கால் பார்க்க.' கண் பரிசோதனையை நான்தான் கீழே எழுதினேன். அது என் கையெழுத்திலேயே தங்கிவிட்டது.

சித்திரை வரை

ஜனவரி 1-க்கும் ஏப்ரல் 14-க்கும் நடுவே நூறு நாளுக்குச் சற்று அதிகம். ஒரு ஹெச்பிஏ1சி-க்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இடைவெளி. நமக்கு இரண்டு புத்தாண்டு இருப்பதில் இப்படியும் ஒரு வசதி: ஒன்றில் தொடங்கலாம், இன்னொன்றில் எண்ணிப் பார்க்கலாம்.

முதல் வாரத்திலேயே ஒன்று சறுக்கியது. மெஸ்ஸில் பரிமாறுபவர் கேட்காமலே ரசத்துக்குச் சோறு போட்டுவிடுகிறார். போட்ட சோற்றைக் கொட்ட இவருக்கு மனம் வராது. மூன்றாம் நாள் தட்டை எடுத்துக் கழுவிவிட்டு, டம்ளரோடு திரும்பி வந்து வரிசையில் நின்றிருக்கிறார். ஒரு வாரம் கேலி. பிறகு இன்னும் இரண்டு பேர் டம்ளரோடு நிற்க ஆரம்பித்தார்களாம்.

டீயை நாலிலிருந்து இரண்டாக்கினார். பிப்ரவரியில் வெறும் வயிற்று அளவுகள் 140-லிருந்து 155 வரை. மார்ச்சில் 125-க்கும் 140-க்கும் இடையில் ஊசலாடின. வாரத்தில் ஆறு நாளும் பாலம் சுற்றினார் என்று சொல்ல மாட்டேன். நாலு நாள் இருக்கும். தாமதமானால் நேராகக் கடைதான்.

ஏப்ரல் மூன்றாம் வாரம் முடிவு வந்தது. ஹெச்பிஏ1சி 7.6. சராசரி 215-லிருந்து 171. அழுத்தம் 132/84. எடை 75.8.

எனக்குச் சந்தோஷம், அவருக்கு ஏமாற்றம். "ரெண்டு கிலோதானே மேடம் இறங்கியிருக்கு? மாத்திரையும் கூடியிருக்கே?" நியாயமான கேள்வி. 9.1-இலிருந்து 7.6-க்கு இறங்கியதில் புது மருந்தின் பங்கு எவ்வளவு, ஒழுங்காகப் போட்டதன் பங்கு எவ்வளவு, ரச டம்ளரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் எடையைப் பற்றி ஒன்று சொன்னேன். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரைக் கொண்டு நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு மூன்று வருடத்தில் நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை. இவருக்கு நோய் வந்தே விட்டது, அதனால் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் நம் உடம்பில் தராசு முள் நகராமலே உள்ளே மாற்றம் நடக்கலாம் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது.

மாத்திரையை நிறுத்துவது பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மாம்பழம் பற்றிப் பேசினோம். அரைப் பழம், சாப்பாட்டோடு வேண்டாம், அன்று மாலை டீ கிடையாது. அதுவும் பேரம் பேசித்தான் முடிந்தது. புடவை விற்கிறவரிடம் பேரம் பேசி ஜெயிக்க முடியாது. முக்கால் பழத்தில் நின்றது.

ஆடி

ஜனவரியில் வாங்கிய அடி நினைவிருந்ததால், ஆடித் தள்ளுபடிக்கு முன்பே உட்கார்ந்து ஒரு சீசன் விதி பேசிக்கொண்டோம். ஆடியிலும் தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரத்திலும் பாலம் கிடையாது, சோற்றுச் சுற்றுக் கணக்கும் கிடையாது. எட்டு மணி டப்பா–மாத்திரையும் காலும் மட்டும். விட்டுக்கொடுத்த நாளைத் தோல்வி என்று எழுதக் கூடாது. மேசை டிராயரில் குளுக்கோஸ் பொடி இருக்கும். பக்கத்துக் கவுன்டர் பையனுக்கு இந்தத் தடவை ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தாயிற்று.

ஆடி இரண்டாவது வாரம் இரவு பதினொன்றரைக்கு மகள் வாட்ஸ்ஆப்பில் படம் அனுப்பினாள். வலது காலுறையில் பயறு அளவு பழுப்புக் கறை, கட்டைவிரல் அடியில் ஒரு புள்ளி. குண்டூசி. அவருக்கு எதுவும் தெரியவில்லை. மறுநாள் காலை சுத்தம் செய்து, டெட்டனஸ் ஊசி போட்டு, அஞ்சு நாள் மெத்தைமேல் ஏறக் கூடாது என்று கடைக்குக் கடிதம் கொடுத்தேன். பில் போடும் இடத்தில் உட்கார வைத்தார்கள். புண்ணாகாமல் ஆறிவிட்டது. வருடம் முழுக்கச் செய்தவற்றில் எது மிகவும் பயன்பட்டது என்று என்னைக் கேட்டால், 7.6-ஐச் சொல்ல மாட்டேன். அந்த டார்ச்சைச் சொல்வேன்.

ஆகஸ்ட் கடைசியில் 7.4. தீபாவளி முடிந்து நவம்பரில் 7.8. கூடியிருக்கிறதே என்று நான் முகம் சுளிப்பதற்குள் அவரே சொன்னார்: "சீசன் மேடம். ஆனா டப்பா ஒரு நாள்தான் விட்டுப்போச்சு." சிறுநீர் ஆல்புமின் 33. முழுதாகச் சரியாகவில்லை, மேலே போகவும் இல்லை.

கண் மட்டும் பாக்கி. ஏப்ரலில் ஒரு கடிதம், ஆகஸ்டில் ஒன்று, நவம்பரில் ஒன்று. 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை ரயிலில் போகிற தூரம்தான். ஆனால் கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், அன்று ஜரிகை பார்க்க முடியாது, ஒரு நாள் சம்பளம் போகும். இந்தத் தடையை ஜனவரி 19-இல் போட்ட கோட்டில் நான் கேட்கவே இல்லை. எட்டு மணி டப்பாவுக்குக் கொடுத்த யோசனையில் பாதிகூட இதற்குக் கொடுக்கவில்லை. அந்த ஒரு வரி மட்டும் என் கையெழுத்தில் இருந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கலாம்.

டிசம்பர் 30-ஆம் தேதி போன் செய்தார். புது டைரி வந்துவிட்டதாம்.

"இப்ப வரல மேடம். பொங்கல் முடியட்டும். தை பிறந்து ஒரு வாரம் போனப்புறம் வரேன். மொதல்ல எழும்பூர், அப்புறம் உங்ககிட்ட. வார லீவு அன்னிக்கு டோக்கன் எடுத்துடலாம்னு பொண்ணு சொல்லியிருக்கா, அவளும் கூட வரா."

"ஜனவரி எத்தனாம் தேதி?"

"இருபத்தொண்ணு. நீங்களும் எழுதி வெச்சுக்கோங்க மேடம்."

எழுதி வைத்திருக்கிறேன்.